டொக்டரின்ரை விரலைக் கடிச்சால்?

"அக்கா, நான் திரும்பி வரப்போறன்."

உதயகலா போனுக்குள் குசுகுசுத்தாள். வலப்பக்கக் கன்னம் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. மடியில் எட்டு மாதப் பிள்ளை. உரும்பிராய்ச் சந்தியடிப் பல் டொக்டரிடம் போன கிழமையும் வந்தவள்தான். தெருப் படலையைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"விசரி! பிள்ளைக்குப் பல்லு முளைச்சதுக்கு நாளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. நான் இஞ்சை தேங்காய்ச்சொட்டைப் பல்லுப் பல்லா வெட்டிக்கொண்டு இருக்கிறன், கொழுக்கட்டையிலை குத்த. நீ உந்தக் கன்னத்தோடையே பிள்ளையின்ரை தலையிலை கொழுக்கட்டை கொட்டப்போறாய்? படத்திலை நல்ல வடிவா இருக்கும். என்ன பயம், சொல்லு."

உதயகலா பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர், சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். கொஞ்சம் முந்தித்தான் குணலட்சுமி என்றொரு மனுசி அவரைத் துளைத்து எடுத்திருந்தாள். "ஐயா எந்த ஊர்? ஆரின்ரை ஆள்? பிள்ளையள் எந்த நாட்டிலை?" கிழவர் காதில் கையை வைத்து "ஆ? ஆ?" என்றதோடு சரி. "பாவம், சுத்தச் செவிடு" என்று கடைசியில் அவளே களைத்துப்போய் விட்டுவிட்டாள்.

செவிடருக்கு முன்னால் என்ன வெட்கம்? உதயகலா கொட்டித் தீர்த்தாள்.

"ஊசி போட்டால் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமோ தெரியேல்லை. ஆம்பிளை டொக்டரிட்டை உதை எப்பிடிக் கேக்கிறது? மேல்பல்லுப் பிடுங்கினால் கண் தெரியாமல் போமெண்டு மாமி சொல்லுறா. அந்த நேரம் பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது? பயத்திலை நான் டொக்டரின்ரை விரலைக் கடிச்சுப்போட்டனெண்டால்?"

அக்கா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "உதை அப்பிடியே அவரிட்டைக் கேளன்."

"செத்தாலும் கேக்கமாட்டன். வீட்டை வாறன்."

"ஏழாம் நம்பர்!" என்று கூப்பிட்டாள், நம்பர் குடுக்கும் தனுஷா.

ஏழாம் நம்பர் உதயகலாதான். பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு எழும்பினாள். கால் மட்டும் உள்ளே போகாமல் படலைப் பக்கம் திரும்பியது.

அதற்குள் கிழவர் விசுக்கென்று எழும்பினார்.

"பிள்ளை, எனக்கு அவசரம். நில்லு, போட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே வாசல் சீலையை விலக்கி உள்ளே போய்விட்டார்.

"பாத்தியளே உந்தக் கிழவரை!" குணலட்சுமி பொரிந்தாள். "கைப்பிள்ளைக்காரி நிக்கிறாள், இடிச்சுக்கொண்டு போறார். காதுதான் இல்லையெண்டால் கண்ணும் இல்லையே?"

நல்லதாய்ப் போச்சு என்று உதயகலா ஒரு செருப்பை மாட்டினாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"தம்பி, எனக்குக் காது மந்தம். பலமாக் கதையும்!"

"என்ன ஐயா செய்யுது?" டொக்டர் சுபாஸ்கரன் கத்தினார்.

"அதைப் பிறகு பாப்பம். ஊசி போட்டால் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமோ?"

வெளியே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆர் ஐயா குடுக்கிறது?"

"நீர் விசயத்தைச் சொல்லுமன்!"

"குடுக்கலாம் ஐயா! விறைக்கப் போடுற ஊசி பாலை ஒண்டும் செய்யாது!"

குணலட்சுமிக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. உதயகலா மற்றச் செருப்பைத் தேடவில்லை.

"மேல்பல்லுப் பிடுங்கினால் கண் தெரியாமல் போமோ?"

"போகாது! பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு தொடுசலும் இல்லை! எடுத்த உடனை பிடுங்கவும் மாட்டன்! காப்பாத்தலாமெண்டால் அடைச்சு விடுவன்!"

"அந்த நேரம் பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது?"

"எந்தப் பிள்ளை ஐயா?"

"பிள்ளை எண்டால் பிள்ளைதான்!"

"தனுஷா வைச்சிருப்பா! ஒரு வயசுக்குள்ளை பிள்ளையின்ரை பல்லையும் ஒருக்காக் காட்டிறது நல்லம்!"

"கடைசியா ஒண்டு. பயத்திலை உம்மடை விரலைக் கடிச்சுப்போட்டால் கோவிப்பீரோ?"

"எத்தினை பேர் கடிச்சிட்டினம், கோவிக்க மாட்டன்! இப்ப வாயைத் திறவுங்கோ!"

பிறகு டொக்டர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"என்னத்தாலை ஐயா கடிக்கப்போறியள்? வாயிலை ஒரு பல்லும் இல்லையே!"

"பல்செட்டுக்கு அளவெடுக்க வந்தனான். அதுக்கென்ன அவசரம்? இன்னொரு நாளைக்கு வாறன்."

கிழவர் மறுபடி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். ஒருவரையும் பார்க்காமல், படலையடியில் நின்ற சைக்கிளை நோக்கி நடந்தார்.

உதயகலா மாட்டிய செருப்பைக் கழற்றினாள். பிள்ளையைத் தனுஷாவின் கையில் குடுத்தாள். சீலையைப் பிடித்தபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்பு... எங்கடை வீடு வைரவர் கோயிலடி. நாளைக்குக் கொழுக்கட்டைக்கு வாங்கோ."

வீங்கின வாய்க்குள்ளிருந்து வந்த அந்தக் குரல், பக்கத்தில் நின்ற குணலட்சுமிக்கே கேட்கவில்லை.

படலையடியில் கிழவர் எடுத்த சைக்கிளைத் திரும்ப நிப்பாட்டினார். சால்வையை எடுத்துவிட்டு, பல்லில்லாத முரசு முழுக்கத் தெரியச் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, வாறன்! தேங்காய்ப்பல்லுக் குத்தாததாப் பாத்து ரெண்டு எனக்கு எடுத்து வை!"