குழலில் ஒரு தோட்டா

"பார்க்க நிஜத் தோட்டா மாதிரியே இருக்கணும் டெல்பர்ட். ஆனா விசையை அழுத்தினா வெடிக்கக் கூடாது."

துப்பாக்கிக் கடை டெல்பர்ட் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். "யாருக்கு, மிஸ் ஓபல்?"

"வேற யாருக்கு? வெண்டலுக்குத்தான்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெக்ஸஸின் மேற்கு மூலையில் இருந்த அந்த ஊரில், பாதிப் பேருக்கு இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் அவள் கணவர் வெண்டல். டெல்பர்ட்டும் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவன்தான்.

"குழல்ல தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் சுத்தியல்டான்னு என்னைக் காய்ச்சி எடுத்தவராச்சே. அவருக்குப் போயா?"

"உறையில சொருகும்போது நேத்து விரல் விசை மேல இருந்துது. என் கண்ணால பார்த்தேன். போன வாரம் நம்ம நாயை, செத்துப்போன பழைய நாயோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்." ஓபல் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கழட்டி வைன்னு சொன்னா அந்த மனுஷன் அன்னிக்கே படுத்த படுக்கையாயிடுவார். சொல்லாம விட்டா, சர்ச்சுல பக்கத்துல உட்கார்ந்திருக்கிற குழந்தை மேல குண்டு பாஞ்சிடுமோன்னு இருக்கு."

டெல்பர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினான். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

"உள்ள வெடிமருந்து கிடையாது. அடியில பாருங்க, நடுவுல வெறும் ஓட்டை. நிஜத் தோட்டான்னா அந்த இடத்துல பொட்டு மாதிரி ஒண்ணு இருக்கும். துப்பாக்கிக்குள்ள போயிட்டா வித்தியாசமே தெரியாது."

"இதெல்லாம் தயாராவே வச்சிருக்கியா?"

"ஒருத்தருக்காகச் செஞ்சேன். அதுல மீதி," என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பழைய எண்ணெய்க் கிணறுகள் வந்ததும் ஓபல் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். கல்யாணமான புதிதில் இங்கேதான் டயர் வெடித்தது. உதவுகிறேன் என்று வந்தவன் கத்தியை உருவினான். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு உயிர் தப்பினார்கள்.

அதற்குப் பிறகு வெகு நாள் அவள் வாசலைத் தாண்டவே நடுங்கினாள். வெண்டல் போய்த் துப்பாக்கி வாங்கி வந்தார். "குழல்ல எப்பவும் ஒண்ணு தயாரா இருக்கும். நீ பயப்படாம வா கண்ணு," என்றார். அவள் வந்தாள். சனிக்கிழமை நடனத்துக்கு, மாட்டுச் சந்தைக்கு, பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்கு. கைகோத்து நடக்கும்போது அவர் இடுப்பிலிருந்து அது அவள் முழங்கையில் இடிக்கும். அந்த இடி பட்டாலே மனசு அடங்கிவிடும். என்ன அருமையான காலம் அது. அந்த மனுஷனையே இன்று ஏமாற்றப் போகிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

வீட்டில் வெண்டல் குளித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டும் உறையும் துப்பாக்கியுமாகக் கட்டில்மேல் கிடந்தன.

ஓபல் கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள். மேய்ச்சல் வெளியில் அவர் சொல்லிக்கொடுத்தது கைக்கு மறக்கவில்லை. முனையை ஆளில்லாத பக்கம் திருப்பு. முதலில் தோட்டாக் கூட்டை உருவு. அதோடு முடிந்தது என்று நினைக்காதே, குழலில் ஒன்று காத்திருக்கும். அதை மறந்தவன்தான் வீட்டு ஆளையே சுடுகிறான்.

கூட்டை உருவினாள். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். குழலிலிருந்த தோட்டா துள்ளி வந்து போர்வையில் விழுந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஓபல், வந்துட்டியா? சர்ச் விருந்துக்கு நேரமாச்சு. பெல்ட்டைத் தொடாதே, நானே மாட்டிக்கறேன். குழல்ல ஒண்ணு இருக்கு."

"தெரியும் வெண்டல்," என்றாள்.

"என்னிக்கும் இருக்கும். என் கண்ணு பயப்படாம வரணும்ல?"

போர்வையில் கிடந்த தோட்டாவை ஒளித்துவைக்க எடுத்தவள், டெல்பர்ட் காட்டியது நினைவுக்கு வர, அதைத் திருப்பிப் பார்த்தாள்.

அடியில், நடுவில், வெறும் ஓட்டை.