மூணாவது கூப்பாடு

"ஐயா, இது நிஜமான இருமல் இல்லீங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று சொன்னார். கோர்ட்டே திரும்பி வாசலைப் பார்த்தது.

வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு டவாலி இருமிக்கொண்டிருந்தார். வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. பட்டப்பெயர் வெண்கலம். ஒருமுறை அவர் கூப்பிட்ட கூப்பாட்டில், அடுத்த தெரு சலூனிலிருந்து அதே பெயர்க்காரர் ஒருவர் பாதி சவரத்தோடு ஓடிவந்து கூண்டில் ஏறிவிட்டார். ஆள் வேறு என்று தெரிவதற்குள் முழுச் சாட்சியும் சொல்லி முடித்துவிட்டார். அசல் சாட்சியைவிட அவர் நன்றாகச் சொன்னதாகக் கேள்வி.

அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது இருமல்.

மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் ஆள் வரவில்லையென்றால் வழக்கு தள்ளுபடி. இரண்டு கூப்பாடு ஆகிவிட்டது.

வழக்குப் போட்டவள் ஒரு தையல்காரி. அப்பா விட்டுப்போன வீட்டில் பின்கட்டு அறை தன்னுடையது என்கிறாள். பத்து வருஷமாக அங்கேதான் அவளுடைய மெஷின் ஓடுகிறது. இல்லை என்கிறான் அண்ணன். போன இரண்டு வாய்தாவுக்கும் அவள் வராமல், அவளுடைய வக்கீலம்மா கெஞ்சி வேறு தேதி வாங்கினாள். இன்றைக்கும் வராவிட்டால் மெஷின் தெருவுக்கு வந்துவிடும்.

அண்ணன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளுடைய வக்கீலம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி நிமிர்ந்தார். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. கடிகாரம். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை அடித்தால்தான் அறையைவிட்டு வெளியே வருவார். அதற்கு ஒரு நொடி முன்னே இல்லை, பின்னே இல்லை.

"என்னப்பா அங்க?" என்றார்.

டவாலி கையால் 'ஒரு நிமிஷம்' என்று காட்டிவிட்டு மறுபடி இருமினார்.

"பாருங்க ஐயா," என்றார் வக்கீல். "ஆள் வந்திருந்தா இவருக்கு இருமல் வராது. ஆள் வரலைன்னாதான் வரும். இதுல அந்தக் கடிகாரம் வேற. என் வாட்ச்ல பத்து அம்பது. அதுல பத்து நாப்பது."

கடிகாரத்தின் கதை தனிக்கதை. எத்தனை தடவை சரிபண்ணி வைத்தாலும் மறுநாள் காலையில் பத்து நிமிஷம் பின்னால் போய் நிற்கும். கடிகாரக்காரர் மூன்று தடவை வந்து பார்த்தார். நாலாவது தடவை, "இதுக்குள்ள ஏதோ குடியிருக்குங்க," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனவர், இப்போது குடை ரிப்பேர் செய்கிறார்.

நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள அதைச் சரிபண்ணி வைங்க. கோர்ட்டுல நேரம் தப்பலாமா?"

அந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரி மூச்சு வாங்க ஓடிவந்தாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

டவாலியின் இருமல் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. மூன்றாவது கூப்பாடு கிளம்பியது. ஒரு முழம் தள்ளி நின்றவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இங்கதாண்ணே இருக்கேன்."

கோர்ட்டில் ஆளாளுக்குக் குனிந்து சிரித்தார்கள்.

"பஸ் பஞ்சருங்க ஐயா. பாலத்துலேர்ந்து ஓடியே வந்தேன்," என்றாள் அவள்.

"கூண்டுல ஏறும்மா. முதல்ல தண்ணி குடி," என்ற நீதிபதி, டவாலி பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா இந்த இருமல்?"

"ஆள் வர்ற வரைக்குங்க... இல்லீங்க, ஆறு மாசமாங்க."

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு என்னை வந்து பார்."

தையல்காரி சாட்சி சொன்னாள். எந்த ஜன்னலில் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, அப்பா எந்த மூலையில் மெஷினை வைத்துக் கொடுத்தார் என்பதுவரை சொன்னாள். முன்வரிசையில் கால்மேல் கிடந்த கால் கீழே இறங்கியது.

போகும்போது வக்கீல் டவாலியின் தோளைத் தட்டினார். "ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் இருக்கு?"

"மூணுங்க."

"இருந்தது."

டவாலி மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். அவர் கண் முன்னாலேயே குமாஸ்தா ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைச் சரிபண்ணினார். பஸ் வந்து சேர்வது பத்து நாற்பதுக்கு. அந்தக் கடிகாரம் பிந்தி ஓடியதால்தான் வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் பிழைத்துவந்தார்கள். இனி அத்தனை பேருக்கும் ஒரே தொண்டை எப்படி இருமும்?

பயத்தில் நாலே முக்காலுக்கே போய்விட்டார். நீதிபதியின் அறையில் ஆள் இல்லை. பக்கத்தில், காலியாக இருந்த கோர்ட்டுக்குள் ஏதோ கிறீச்சென்றது. எட்டிப் பார்த்தார்.

ஸ்டூல்மேல், செருப்பைக் கழற்றிவிட்டு, நீதிபதி நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றார், திரும்பாமல். "போன மாசம், இன்னிக்கு உன்மேல குறை சொன்ன அதே வக்கீலோட ஆள் லேட்டா வந்தப்பவும் நீ இருமினே. கவனிச்சேன். அதனாலதான் உன்னை இன்னிக்குத் திட்டலை."

டவாலிக்கு வெண்கலம் போய்க் காற்றுதான் வந்தது. "ஐயா..."

"ஆனா நாளைலேர்ந்து இருமலைக் குறைச்சுக்கோ. ரெண்டு பேரும் ஒரே வேலையைப் பார்த்தா மாட்டிக்குவோம். ஸ்டூல் ஆடுது பார், பிடி."