நடுக்கம்பம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நெருப்பின் மேல் கை வைத்துச் சொல்லவும் தயார். கதை நடந்த இடத்துக் குளிருக்கு அது சுகமாகக்கூட இருக்கும். பனியே விழாத ஒரு நாடு, உலகப் பனிச்சறுக்குப் போட்டிக்கு ஓர் அணியை அனுப்பியது. அணி என்றால் ஒரே ஒருவன்.

கடைசி நாள் மத்தியானம், பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த கொடி அறையில், கொடிக்காரர் அந்த நாட்டுக் கொடிக்கு மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சுருக்கமும் இல்லை. இருந்தாலும் போட்டார். அது அவர் பிறந்த நாட்டின் கொடி.

பிழைப்புக்காக இந்தக் குளிர் ஊருக்கு வந்து தலை நரைத்தவர். பரிசளிப்பு மேடைக்குப் பின்னால் இருக்கும் மூன்று கம்பங்களில், ஜெயித்த நாட்டுக் கொடிகளை ஏற்றுவது அவர் வேலை. ஊர் உலகத்துக் கொடிகளையெல்லாம் ஏற்றி இறக்கிய கைக்கு, சொந்தக் கொடியை மட்டும் ஏற்றக் கொடுத்துவைக்கவில்லை.

மைதான வாசலில் எல்லா நாட்டுக் கொடிகளும் வரிசையாகப் பறக்கத்தான் செய்தன. "அது அலங்காரம். வந்தவன் போனவன் எல்லாருக்கும் உண்டு. ஜெயிச்சவனுக்குத்தான் நடுக்கம்பம்" என்பார்.

போட்டிக்கு வந்திருந்தவன், ஊரில் மணல்மேட்டில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கிப் பழகியவன். பனியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவையும் யாரு சித்தப்பா கூட்டி அள்ளுவாங்க?" என்பது. கூப்பிட்ட முறையிலேயே உறவாகிவிட்டான். சாப்பாடு கொடிக்காரர் வீட்டில்தான் என்றும் ஆகிவிட்டது.

முதல் நாள் கடைசியாக வந்தான். இரண்டாம் நாள் கடைசிக்கு முந்தினவன். வேறொருத்தன் வயிற்றுவலி என்று பாதியில் உட்கார்ந்துவிட்டான். அந்த வயிற்றுவலியை வீட்டில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

"நாளைக்கு இன்னும் ரெண்டு பேருக்கு வயித்துவலி வந்தா போதுமா?" என்று கேட்டாள் கொடிக்காரரின் மனைவி.

"நாப்பது பேருக்கு வரணும் சித்தி" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஆனா சித்தப்பா, நான் போறதுக்குள்ள உங்க கையால நம்ம கொடிய ஏத்த வைக்காம விடமாட்டேன்."

"கொடி எங்க ஓடிப்போகுது? நீ விழாம கீழ வந்து சேரு."

"ஆமா, விழாம வா. இல்லாட்டி இந்த மனுஷன் அதுக்கு இஸ்திரி போட்டே ஓட்ட போட்டிருவாரு" என்றாள் மனைவி. "ஒருநாள் தன் சட்டைக்குப் போட்டதில்ல."

கொடி அறைக்கு ஜன்னல் கிடையாது, டிவியும் கிடையாது. மேலே கூட்டம் காலைத் தட்டுகிற தட்டிலேயே பந்தயத்தின் போக்கைச் சொல்லிவிடுவார் கொடிக்காரர். அன்று அவன் முறை வந்ததும் தட்டல் ஏறிக்கொண்டே போனது. கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. அப்புறம் குழாயை மூடினாற்போல் சட்டென்று நின்றது.

கொடிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எல்லாரும் மலைத்துப்போய்விட்டார்கள் என்று தோன்றியது. மணல்மேட்டிலிருந்து வந்தவன் இந்த வேகத்தில் வருவான் என்று எவன் கண்டான்!

கொஞ்ச நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது. மேடைப் பொறுப்பில் இருந்த பெண்.

"அண்ணே, உங்க நாட்டுக் கொடிய எடுத்துக்கிட்டு வாங்க."

"எந்தக் கம்பத்துக்கும்மா?"

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "நடுவுல."

பனியில் நடந்தாலே வழுக்கி விழுகிற மனிதர் அன்று ஓடினார். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஓடிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டார்.

"டிவி பாத்தியாடி? நம்ம பய நடுக்கம்பம்!"

"ஐயோ, நான் பயத்துல அணைச்சுல்ல வெச்சிருக்கேன்!"

"போட்றி, போடு!"

"போட்டேங்க... என்னமோ விளம்பரம்தான் ஓடுது."

"அப்படியே வெச்சிரு, வந்திரும்" என்று போனைப் பைக்குள் போட்டார்.

மேடைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அந்தக் காற்றில் யாருக்குத்தான் சிவக்காது?

"பாட்டு எப்பம்மா போடுவாங்க?"

"பாட்டு இல்லண்ணே."

"எப்படி இருக்கும்? நம்ம நாட்டுப் பாட்டு வேணும்னு எவன் நினைச்சிருப்பான்!" கொடியைக் கயிற்றில் பூட்டிக்கொண்டே சிரித்தார். "பரவால்ல, நானே பாடிக்கிறேன்."

பாடிக்கொண்டே ஏற்றினார். கையுறையை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கயிறு உள்ளங்கையை அறுத்தது தெரியவில்லை. மாடம் முழுக்க எழுந்து நின்றது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ, அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்.

நம்ம நாட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்ததும் அவர் பாட்டு பாதியில் நின்றுபோனது. மீதிப் பாட்டை மனசுக்குள் பாடினார்.

கொடி உச்சியைத் தொட்டு, காற்றில் விரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கயிற்றைக் கட்டப் போனவரின் கையை அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாதீங்கண்ணே. அரைக்கம்பத்துக்கு இறக்கணும்."