வலது கால் பெட்டி

வலது கால் அளவைக் கேட்கும் பெட்டியை அந்த ஆள் நான்காவது தடவையாகக் காலியாகவே விட்டிருந்தான். அதையே புகாராகவும் எழுதியிருந்தான்: ‘இடது கால் அளவை மட்டும் கொடுத்தால் ஆர்டர் பட்டன் வேலை செய்யவில்லை.’

அஃப்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் வெப்சைட்டுக்கு அவள் தனியாளாகக் கட்டிய முதல் பக்கம் அது. இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவு கொடுத்து ஷூ வாங்கலாம்.

ஆறு மாத டிரெயினிங் இன்றோடு முடிகிறது. ஐந்து மணிக்குள் இந்தப் பக்கம் வெப்சைட்டில் வெளியே போனால்தான் வேலை நிரந்தரம். ஒரு புகார் திறந்திருந்தாலும் போகாது. மணி நாலரை ஆகிவிட்டது.

அவள் எழுதிய டெஸ்ட் எல்லாமே பச்சை. ஷாலோ ரெண்டரிங்கில் பக்கத்தை மட்டும் தனியாக எழுப்பிப் பார்த்திருந்தாள். உள்ளே இருக்கிற கால் பெட்டிகள் அங்கே வெறும் பெயராக நிற்கும், இயங்காது. அந்தப் பெட்டிகளையும் வேறாக எடுத்துச் சோதித்தாயிற்று. அவையும் பச்சை.

‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று மூன்று முறை புகாரை மூடினாள். மூன்று முறையும் அவன் திறந்தான். இனிமேல் எழுதிப் பிரயோஜனமில்லை என்று போனை எடுத்தாள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அந்தப் புகாரை எழுதும் டெஸ்டர் சூரியபிரகாஷ் வேலையில் சேர்ந்து பத்து நாள்தான். அவன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

“பிரகாஷ், கொஞ்சம் மேல வாங்க. நேர்ல காட்டறேன்.”

“லிஃப்ட் ஓடல மேடம். போன்லயே பேசிடலாமே.”

இரண்டு மாடி ஏறக்கூடச் சோம்பேறித்தனம். எனக்கென்று வந்து வாய்த்தானே என்று பல்லைக் கடித்தாள்.

“என் டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆவுது. உங்களுக்கு மட்டும் இன்னா பிரச்னை?”

“தனித்தனியா பாஸ்தான் மேடம். சேர்த்து ஓட்டினா, வலது பெட்டி காலியா இருக்கிற வரைக்கும் பட்டனை விடமாட்டேங்குது. உங்க டெஸ்ட் பெட்டிக்குள்ள போறதே இல்ல, அதான் உங்களுக்குத் தெரியல.”

அவன் சொன்னது உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

“விடக்கூடாதுதான். ரெண்டு காலும் சேர்ந்தாத்தான் ஜோடி. எங்கப்பா இருபது வருஷமா ஷூ பேக்கிங்ல ஜோடி சேர்க்கறாரு. ஒத்தையா வந்தா ரிஜெக்ட்ல தூக்கிப் போட்ருவாங்க. ஆம்பூர்ல இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.”

“எனக்கும் தெரியும் மேடம். ஆனா புகாரை மூட முடியாது.”

“பேஜார் பண்ணாதீங்க பிரகாஷ். அஞ்சு மணிக்கு இது போவலைன்னா என் வேலை போயிடும்.” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “எந்த மனுஷன் ஒத்தை ஷூ வாங்குவான், நீங்களே சொல்லுங்க.”



“நான் வாங்குவேன் மேடம். எனக்கு இடது கால் மட்டுந்தான் இருக்குது.”