சுருதி சேராத ரம்பம்

ஷரஃபுதீன் பாய் கயிற்றைச் சுண்டி இழுத்தார். மரம் அறுக்கும் மெஷின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

மாடி ஜன்னலில் நின்ற அபயாம்பாள், கபாலீஸ்வரர் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மயிலாப்பூரில் அந்தச் சின்ன அபார்ட்மெண்டுக்குப் பொதுவாக ஒரு வாதாம் மரம். அதன் தடித்த கிளைக்கு நேர் கீழே செக்ரட்டரி புகழேந்தியின் புதுக் கார் நிற்கும் இடம். கிளையில் காக்காக் கூடு. கூட்டில் குஞ்சுகள். கார்மேல் என்ன விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குஞ்சுகள் பறந்து போகிற வரைக்கும் பொறுங்கோ என்று அபயாம்பாள் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. இன்று சாயங்காலம் அவர் ரயிலேறி பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். திரும்பிவர ஒரு மாதம். அதுவரை காரைக் காக்காய்களை நம்பி விட்டுப்போக அவர் தயாராக இல்லை.

கிளை இன்று விழாவிட்டால் குஞ்சுகள் பிழைத்தன. எல்லாம் அந்த ஓட்டை மெஷின் கையில் இருந்தது.

பெயிண்ட் உதிர்ந்து, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய கிழட்டு மெஷின். பாய் ஏணியில் ஏறிக் கிளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கியதிலிருந்து அதற்கு மூச்சு முட்டியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஃபில்டரை ஊதினார். செயினை இறுக்கினார், தளர்த்தினார். ஒருவழியாக அது கிளம்பியே விட்டது.

அதற்கப்புறம்தான் வினையே. பாய் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிச் சத்தத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அபயாம்பாள் வயலின் டீச்சர். சுருதி பிசகினால் அவளுக்குப் பல் கூசும். பக்கத்து ஃபிளாட் மிக்ஸி ஒரு சுருதியில் நிற்கவில்லை என்று சண்டை போட்டு, அதைக் கடைக்கே திருப்பி அனுப்ப வைத்த மகராசி.

மெஷின் மெல்ல ஏறியது. சேரவேண்டிய இடத்துக்கு வந்தது. பாய் ஒரு மயிரிழை கூடுதலாகத் திருகினார். கீச்சிட்டு அணைந்தது.

மறுபடி ஏறியது. வந்தது. தாண்டியது. அணைந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே மயிரிழை. இத்தனை ஒழுங்காக ஒரு மனுஷனால் தப்புப் பண்ண முடியுமா? அவளுடைய மண்டு சிஷ்யர்கள்கூடத் தப்பை மாற்றி மாற்றித்தான் பண்ணுவார்கள்.

“என்ன பாய், ஓடுமா ஓடாதா?” புகழேந்தி எரிந்து விழுந்தார்.

“பழைய வண்டி சார். அதுக்கா மூடு வந்தாதான் ஓடும்.”

ஓடக்கூடாது, ஓடவே கூடாது என்று அபயாம்பாள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மெஷின் மறுபடி ஏறியது. பல் கூசியது. காது பொறுக்கவில்லை.

“அங்கேயே நிறுத்துங்கோ! துளி கீழே... இன்னும் துளி... ஆங், அதான்! கையை எடுங்கோ!”

அந்தக் குரலுக்குப் பாயின் கை தானாக நின்றுவிட்டது. மெஷின் துளிப் பிசிறில்லாமல், தம்பூரா மாதிரி இழைந்து பாடியது.

அபயாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆஹா என்று தலை ஆடியது.

கண்ணைத் திறந்தபோது புகழேந்தி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மரத்தில் தாய்க் காக்கா கத்தித் தீர்த்தது.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினாய்! தன்னையே திட்டிக்கொண்டு மூச்சிரைக்கக் கீழே ஓடினாள்.

பாய் அவளை முறைத்தார். மெஷின் சத்தத்துக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“இன்னாம்மா நீங்க! மேல குஞ்சு கீதேன்னு காலைலேர்ந்து பாடுபட்டுக் கெடுத்துக்கினு கீறேன். நீங்க பூந்து ரெடி பண்ணிட்டீங்களே!”

அபயாம்பாள் அண்ணாந்து கூட்டைப் பார்த்தாள்.

புகழேந்தி ஏணியை மரத்தில் சாய்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக வந்தார். “டீச்சர் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. இப்ப சரியா இருக்கு இல்ல?”

சரியாக இருந்தது. அப்படியே அச்சாகச் சேர்ந்திருந்தது. சபாவில் பெரிய பெரிய வித்வான்களையே முகத்துக்கு நேராகப் பிசகிட்டேள் என்று சொன்ன வாய் அவளுடையது. சேர்ந்த சுருதியைச் சேரவில்லை என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.



“சேரலை,” என்றாள். “இன்னும் மேலே போகணும்.”

பாய் அடக்க ஒடுக்கமாக ஸ்க்ரூவைத் திருகினார். மெஷின் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறி, புகையைக் கக்கி, அணைந்தது.

“அவ்ளோதான் சார்,” என்றார் பாய். “வண்டி காலி.”

அபயாம்பாளுக்குப் பல் கூசவேயில்லை.