நிலையின் உயரம்

வதனி கிணற்றில் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். உவர்ப்பே இல்லை. வாவிக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் நல்ல தண்ணீர்.

சுவரில் வெடிப்பில்லை. கூரை ஒழுகிய கறையும் எங்கும் இல்லை.

பிறகு ஏன் விலையை இவ்வளவு குறைத்துத் தந்தார்கள்?

காணி உறுதி எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. இன்று சாவி வாங்கும் நாள். ஆனாலும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. புருஷன் கட்டாரில் வெயில் குடித்து அனுப்பியதெல்லாம் இந்த வீட்டுக்குள் போய்விட்டது. ஆர்த்திகாவுக்குச் சீதனமாகக் கொடுக்க இனி வேறொன்றும் இல்லை. இதில் ஒரு கோளாறு இருந்தால் மகளின் கலியாணமே அந்தரத்தில் நின்றுவிடும்.

வீட்டுக்காரர்கள் நல்லரத்தினமும் இலட்சுமிப்பிள்ளையும் பக்கத்து வளவில் இருக்கிறார்கள். இதை ஒரே மகள் விதுர்ஷாவுக்குச் சீதனமென்று கட்டினார்கள். பூச்சுக் காயும் முன்னே டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு ஒருவரும் இதற்குள் படுத்தெழும்பவில்லை. இதையெல்லாம் முதல் நாளே மறைக்காமல் சொன்னார்கள்.

அன்று கேட்ட விலை வதனிக்கு எட்டாதது.

அடுத்த முறை வந்தபோது வதனி சும்மா வீட்டுக்கதை கதைத்தாள். மகளுக்கு நாள் வைத்தாயிற்று என்றாள். மாப்பிள்ளை கிரான் பக்கம், திவாகரன் என்று பெயர், வங்கியில் வேலை என்றாள். முன்பு பேசிய சம்பந்தம் ஒன்று சரிவரவில்லையாம், அதைக் கிளற வேண்டாம் என்று தரகர் சொன்னதால் தான் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லிவைத்தாள்.

இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

பிறகு நல்லரத்தினம், ஏலுமானதைத் தாங்க தங்கச்சி, என்றார். கூடிய விலைக்குக் கேட்டு நின்ற ஹோட்டல்காரரை அவர்கள் திருப்பி அனுப்பியது வதனிக்கு அமிர்தகழிச் சந்தியில்தான் தெரியவந்தது. அன்று பிடித்த சந்தேகம் இன்னும் விடவில்லை.

இப்போது வாசலில் நிறைகுடம் இருந்தது. குத்துவிளக்கும் எரிந்தது. இரண்டும், சாவியோடு வந்து பக்கத்தில் நின்ற இலட்சுமிப்பிள்ளையின் வேலை. விற்றவர்கள் செய்கிற காரியமா இது?

குடத்தைப் பார்த்தவள் நிமிர்ந்தபோதுதான் வாசல் நிலையைக் கவனித்தாள். வழக்கத்தைவிட உயரம். உள்ளே எட்டிப் பார்த்தாள். அறை நிலை, குசினி நிலை, எல்லாம் அப்படித்தான்.

"மரவேலை செஞ்ச ஓடாவி அளவு பிழைச்சிட்டான் போல, என்னக்கா?"

"இல்ல புள்ள. சொல்லித்தான் செய்விச்ச."

வதனிக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள். மாப்பிள்ளை சரியான நெடுவல். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். கோயில் வாசலில்கூடக் குனிந்துதான் நுழைவார். ஆர்த்திகா அவருக்கு வைத்திருக்கும் பெயர் தென்னம்பிள்ளை.

இலட்சுமிப்பிள்ளை சிரிக்கவில்லை. சாவியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார்.

திவாகரன் இன்றுவரை வீட்டைப் பார்க்க வந்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம், நீங்க பாத்தாச் சரி மாமி, என்றுவிடுவார். இன்று சாமான் இறக்க ஆளில்லை என்று வதனிதான் வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தாள்.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்றது.

பால் காய்ச்சும் புதுப்பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கண்கள் தரையிலேயே இருந்தன.

வதனி சாவிக்குக் கையை நீட்டியபடியே, தம்பி, இந்த வீட்டில் குனியத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவர் குனியவில்லை. அண்ணாந்து பார்க்கவும் இல்லை. நிமிர்ந்தபடியே வந்து, நிலைக்கு நேர் கீழே நின்றுவிட்டார்.



இலட்சுமிப்பிள்ளை அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முடிக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது.

நீட்டிய கையை வதனி மெல்ல மடக்கிக்கொண்டாள்.