தோத்தவங்க பாலுக்குப் போகணும்

"நீ ஏமாத்துக்காரன் அண்ணா! இத்தனை வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்."

இளவரசி சிவப்புக் காரைத் தூக்கிக் காட்டினாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூர் வீட்டுக்கு வந்தவள், பரணிலிருந்து பழைய ரேஸ் கார் பெட்டியை இறக்கியிருந்தாள். தடத்துப் பள்ளத்தில் அடிமுளையைச் செருகினால் கரண்டில் ஓடும் கார்கள். சிவப்பு அவளுடையது. மஞ்சள், அண்ணன் ஜீவானந்தத்துடையது.

"என்ன கண்ணு பண்ணிப்போட்டாங்க உங்கண்ணன்?" என்றாள் அண்ணி ஹேமலதா.

"பாருங்க அண்ணி."

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் போட்டு, சிவப்புக் காரின் மேல்கூட்டைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். விரல் பட்டதும் அது ஒரு கால் குட்டையான நாற்காலி போல ஆடியது.

"ஒரு மூலை தூக்கிட்டு நிக்குது. எதிர்மூலை தாழ்ந்துபோய்ச் சக்கரத்துல உரசியிருக்குது. உள்ளே தேய்ஞ்ச தடம் தெரியுதுங்களா? சூட்டுல முறுக்கிக்கிட்டது."

"ஏற்காட்டு வெயில்லயா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! துணியே காயாத மலையில பிளாஸ்டிக் எப்படி வளையும்?"

ஜீவானந்தம் தலையைச் சொறிந்தான். "கோயில் நோம்பிக்குச் சேலம் போனப்ப, பசங்ககிட்டக் காட்டலாம்னு உன் காரைக் கொண்டுபோனேன் கண்ணு. ஜீப்புக்குள்ள வெயில்ல விட்டுட்டேன்."

"என்னைக் கேக்காம! அதைச் சொல்லவும் இல்லை! அண்ணி, அப்பல்லாம் ரேஸ்ல தோத்தவங்கதான் சாயந்தரம் எஸ்டேட் வழியா பாலுக்குப் போகணும்."

"அய்யோ, காட்டெருமை நிக்கற வழியா?"

"அதேதான். பனி இறங்கினா நீட்டின கை தெரியாது. எனக்கு அந்த வழின்னாலே ஈரக்குலை நடுங்கும். என்னை அனுப்பறதுக்குச் சதி!"

"ஆமா கண்ணு, தப்புத்தான்."

"சும்மா ஒத்துக்காதே. வாதாடு!"

ஹேமலதா யோசித்தாள். "அப்ப நொம்ப நாள் பாலுக்குப் போனியா கண்ணு?"

"ஒரு நாள்கூட இல்லைங்க! வளைஞ்ச காரை வெச்சே இவனை ஓட ஓட விரட்டினேன். அதுக்குப் பேருதான் திறமை."

"நல்ல காரை வெச்சும் தோத்தாங்களா?"

அண்ணி சிரித்தபடி மஞ்சள் காரைத் தரையில் உருட்டினாள். அது உருளவில்லை. இழுபட்டது.

இளவரசி அதை வாங்கினாள். மேல்கூட்டைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்தாள். ஆடவில்லை. முறுக்கலும் இல்லை. ஆனால் பின்சக்கரங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருந்தது. தன் கட்டைவிரல்களைக் குழிகளில் வைத்துப் பார்த்தாள். பொருந்தின.

"இது வெயில் இல்லை." அவள் குரல் இறங்கியிருந்தது. "சுடுதண்ணில முக்கி, சக்கரம் உரசற மாதிரி நீயே கையால அமுக்கினது."

வெளியே சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஜீவானந்தம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பால் தூக்குப்போசியை எடுத்தான்.

"இன்னிக்கு ரேஸே ஓட்டலையே அண்ணா?"

"எப்படியும் நான்தான் தோப்பேன், விடு கண்ணு. கதவைச் சாத்திக்கோ, பனி இறங்குது."